நாலு கோடு காட்டுது, ஒண்ணும் போவ மாட்டேங்கு

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கிற ஒரு வியாபாரிக்கு செயலி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பராமரிப்பதும் நான்தான். வேலை கேட்பதற்குச் சின்னது. விடியற்காலை வெட்டு முடிந்து, சிரட்டையில் பால் வடிந்து நின்ற பிறகு, பிக்கப் வண்டியில் ஆள் தோட்டம் தோட்டமாகப் போவார். கேனைத் தராசில் தூக்கி வைப்பார். தோட்டக்காரர் பெயர், எடை, மாதிரிப் பால் எடுத்த குப்பியின் எண், இந்த மூன்றையும் ஃபோனில் தட்டுவார். பிறகு டிப்போவில் குப்பியைச் சோதித்து டி.ஆர்.சி. போடுவார்கள். அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. பெரும்பாலும் 30க்கும் 40க்கும் நடுவே நிற்கும். எடையை அதால் பெருக்கி, அன்றைய விலையாலும் பெருக்கினால் தோட்டக்காரருக்குச் சேர வேண்டிய பணம். பெங்களூரில் இருக்கும் கூட்டுக்காரனிடம் சொன்னபோது, "மக்கா, இது ஒரு வாரத்து வேலையில்லா" என்றான். நெட் நிற்காமல் ஓடுகிற ஊரில் ஒரு வாரத்து வேலைதான்.

இங்கே கதை வேறு. 1,700 சதுர கிலோமீட்டர்கூட வராத கன்னியாகுமரி மாவட்டம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், காற்றாலைகள், வெறும் காற்று. அங்கிருந்து மேற்கே பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தால் களியக்காவிளையில் ஃபோன் கேரளத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். வடக்கே ஏறினால் கீரிப்பாறை, மாறாமலை, கோதையாறு; மலை மடிப்புக்குள் வண்டி திரும்பின உடனே சிக்னல் செத்துவிடும். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் இருக்கிற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் சிலவற்றுக்குப் படகில்தான் போக முடியும். தெற்கே கடல். போதாததற்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஓடுகிற சூழலுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் மென்பொருளை எழுதிப் பழக வேண்டுமென்றால் இதைவிடத் தோதான சோதனைக்கூடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இந்த வேலையில் இறங்கும் பலரும் முதலில் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நெட் இருக்கா, இல்லையா? இருந்தால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அப்படிச் செய். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலே கிடையாது. மாசி மாதம் மண்டைக்காட்டுக் கொடை நடக்கும்போது கோயில் வாசலில் நின்று ஃபோனைப் பாருங்கள். நாலு கோடும் நிரம்பியிருக்கும். வாட்ஸாப்பில் ஒரு 'வந்துட்டேன்' போகாது. டவர் பக்கத்தில்தான் இருக்கிறது, அலை பலமாகத்தான் வருகிறது. ஆனால் அதே டவரின் தலையில் ஆயிரக்கணக்கான ஃபோன்கள் உட்கார்ந்திருக்கின்றன. கோடு காட்டுவது அலையின் பலத்தை. உங்கள் பங்குக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அது சொல்வதே இல்லை. இதற்கு நேர் எதிராகப் பத்துகாணி ஏற்றத்தில் ஒற்றைக் கோடுதான் இருக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த இடம் என்பதால், மெள்ள மெள்ளவென்றாலும் ஒரு பதிவு போய்ச் சேர்ந்துவிடும். 'கனெக்டட்' என்று ஆண்ட்ராய்டு சொல்வதை நம்பி முடிவெடுக்கிற செயலி இந்த இரண்டு இடத்திலும் தப்பாகவே நடக்கும்.

இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் செல்ஃபோன் பரவுவதற்கு முன்பே இருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா போன மகாதேவ் சத்யநாராயணனும் அவரது குழுவும் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1987 வாக்கில் 'கோடா' என்றொரு கோப்பு முறையைக் கட்டத் தொடங்கினார்கள். மடிக்கணினியை வலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் கோப்புகள் கையில் இருக்க வேண்டும், திரும்பி வந்து செருகினால் மாற்றங்கள் தாமாகச் சேர வேண்டும். அவர்கள் வேலையை மூன்று நிலையாகப் பிரித்தார்கள். இணைப்பு இருக்கும்போதே, தேவைப்படப் போவதை முன்கூட்டி எடுத்துப் பதுக்கி வைப்பது. அறுந்த பிறகு, கையிலிருப்பதை வைத்துச் சர்வர் இருப்பது போலவே நடந்துகொள்வது. திரும்பி வந்ததும் மாறியதையெல்லாம் ஒப்புக்கொடுத்து ஒன்று சேர்ப்பது. இன்றைக்கு 'ஆஃப்லைன் ஃபர்ஸ்ட்' என்று மாநாட்டு மேடையில் யாராவது புதுசாகச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

கோடாவில் எனக்குப் பிடித்தது அதன் துணிச்சல். ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு இடத்தில் மாற்றிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அறுந்த நேரத்தில் எழுதவே விடாமல் பூட்டிவைப்பது ஒரு வழி. அவர்கள் பூட்டவில்லை. எழுதட்டும், மோதினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வெறும் குருட்டு நம்பிக்கையில் சொன்னதும் இல்லை. தங்கள் இடத்துப் பதிவுகளை எண்ணிப் பார்த்ததில் 100 மாற்றங்களில் 99க்கும் மேல், அதே கோப்பைக் கடைசியாக எழுதிய அதே ஆள் செய்ததாக இருந்தது. ரப்பர் பாலிலும் அதே நிலைமைதான். ஒரு தோட்டத்துக்கு ஒரே ஆள்தான் தினமும் போகிறார். அவர் பதிவில் வேறு யாரும் கை வைப்பது அபூர்வம். ஆகவே எங்கள் செயலியும் எதையும் பூட்டுவதில்லை. அந்த அபூர்வத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1997இல் அதே குழு 'ஒடிசி' என்றொன்றை வெளியிட்டது. எனக்கு வேண்டிய அடிப்படைக் கருத்து அதில்தான் கிடைத்தது. சூழலுக்கு ஏற்ப மாறும் பொறுப்பு யாருடையது? இயங்குதளமே கமுக்கமாகப் பார்த்துக்கொள்ளட்டும், செயலிக்கு ஒன்றும் தெரியத் தேவையில்லை என்பது ஒரு கோடி. ஒவ்வொரு செயலியும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது மறு கோடி. முதலாவதில், எது முக்கியம் என்பது தெரியாத ஒருவன் முடிவெடுக்கிறான். இரண்டாவதில், ஆளாளுக்கு அலைவரிசையைப் பிடித்து இழுக்கிறார்கள், கேட்பார் இல்லை. ஒடிசி நடுவில் நின்றது: எவ்வளவு கிடைக்கிறது என்று அளந்து சொல்வது இயங்குதளத்தின் வேலை, கிடைக்கிற அளவுக்குள் எதைக் குறைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது செயலியின் வேலை. வீடியோ, பேச்சை அறிதல், இணைய உலாவி என்று மூன்றுவிதமான செயலியை வைத்துச் செய்து காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தரத்தைக் குறைத்துக்கொண்டது.

தரத்தைக் குறைப்பது வீடியோவில் சுலபம். இணையத்தில் வீடியோ அனுப்பும் முறைகளான ஆப்பிளின் எச்.எல்.எஸ். 2009இலும் டேஷ் தரநிலை 2012இலும் வந்தன. ஒரே படத்தைப் பல தரத்தில் சில நொடித் துண்டுகளாக வெட்டி வைத்துவிட்டு, அடுத்த துண்டு எந்தத் தரத்தில் வேண்டும் என்று ஃபோனையே கேட்டு வாங்கவிடுவார்கள். பஸ் மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது படம் கொஞ்சம் மங்கும், அப்புறம் தெளியும். மங்கின அந்த நொடிக்காக யாரும் காசு இழப்பதில்லை. ஆனால் 38.4 கிலோ என்பதை மங்கலாக்க முடியாது. 'சுமார் 40' என்று ஒரு தோட்டக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆகவே, எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை நிரல் எழுதுகிறவன் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. இதைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன். அளப்பதற்கும் மாறுவதற்கும் நூறு ஆயத்த நிரல் நூலகங்கள் கிடைக்கின்றன. என்னென்ன விட்டுப்போனாலும் பரவாயில்லை, எது மட்டும் விட்டுப்போகவே கூடாது என்ற பட்டியல் எந்த நூலகத்திலும் இல்லை. அது தொழில் செய்கிறவர்கள் மண்டையில் இருக்கிறது. கேட்டால்கூட உடனே வராது. "எல்லாம் வேணும்" என்பார்கள். வண்டியில் கூடவே போனால்தான் வெளியே வரும்.

அப்படிப் போனபோது பார்த்த ஒரு காட்சி. அருமனைக்கு மேலே ஒரு சின்னத் தோட்டம், நூறு மரம்கூட இருக்காது. எடை போடுகிற அண்ணன் கேனைத் தராசில் வைத்ததும், தோட்டக்காரப் பாட்டி தராசின் சிவப்பு எழுத்தைப் பார்க்கவில்லை. கேட்டது, "மக்களே, இன்னைக்கு வெலை என்ன?" அவர் ஃபோனைப் பார்த்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ரப்பர் வாரியம் அன்றாடம் கோட்டயம் சந்தை விலையை வெளியிடும். அதை ஒட்டித்தான் எங்கள் வியாபாரி தன் விலையை வைப்பார். அந்த விலை வந்தால்தான் காட்டுவேன் என்று செயலி அடம்பிடித்தது. அண்ணன் பொறுமையிழந்து, "நேத்து நூத்தி எம்பத்தஞ்சு பாட்டியம்மா, இன்னைக்கு கூடியா கொறைஞ்சான்னு சாய்ங்காலம் சொல்லுதேன்" என்றார். பாட்டிக்கு அது போதுமாக இருந்தது. நேற்றைய விலை என்று சொன்னதால்தான் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து விலை எப்போதுமே திரையில் இருக்கும், எந்தத் தேதி விலை என்று பக்கத்திலேயே பெரிசாகப் போட்டிருக்கும். பழையதானால் எழுத்து பழுப்பாகும். பழைய தகவலைக் காட்டுவதில் தப்பில்லை, பழையது என்பதை மறைத்தால்தான் தப்பு. ஆனால் பழைய விலையை வைத்துப் பணக்கணக்கு மட்டும் செயலி போடாது. காட்டுவதற்கு ஒரு சட்டம், கணக்குக்கு வேறு சட்டம். இது நானாக யோசித்திருந்தால் வந்திருக்கும் என்று தோன்றவில்லை.

புகைப்படம் இன்னொரு உதாரணம். தகராறு வந்தால் காட்டுவதற்காகத் தராசின் எண்ணை ஃபோட்டோ பிடித்து அனுப்ப வேண்டும் என்று வியாபாரி ஆசைப்பட்டார். இப்போதைய ஃபோனில் ஒரு படம் மூன்று எம்.பி., நாலு எம்.பி. வருகிறது. மலையில் அது நகராது. நகராமல் பின்னால் நிற்கிற எடைப் பதிவுகளையும் மறித்துக்கொள்ளும். பேசிப் பார்த்ததில், அவருக்கு வேண்டியது அந்த எண்ணும் கேனும் தெரிகிற படம், அவ்வளவுதான். நல்ல இணைப்பில் முழுப்படம். சுமாரான இணைப்பில் தராசுத் தலையை மட்டும் வெட்டிக் கறுப்பு வெள்ளையாக்கினது. அது அறுபது எழுபது கே.பி.யில் அடங்கிவிடும். மோசமான இணைப்பில் படம் ஃபோனிலேயே தங்கும், டிப்போ வைஃபைக்கு வந்ததும் போகும். எடைப் பதிவு மட்டும் எல்லா நேரத்திலும் வரிசையில் முதலில் நிற்கும். அதற்கும் வழியே இல்லாத இடத்தில் எஸ்.எம்.எஸ். இருக்கிறது. டேட்டா நகராத பல இடங்களில் எஸ்.எம்.எஸ். போய்விடும், அது வேறு வாய்க்காலில் ஓடுவது. ஒன்றுக்கு 140 பைட்தான் இடம்: ஆங்கில எழுத்தானால் 160, தமிழானால் அதிகம் போனால் 70 எழுத்து. தோட்டத்து எண், எடை, குப்பி எண், நேரம் எல்லாம் அதற்குள் தாராளமாக அடங்கும். செயலி வரியை எழுதி வைக்கும். அனுப்பும் பொத்தானை ஆள்தான் அழுத்த வேண்டும். அந்த அண்ணனுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது, ஏனென்றால் அனுப்பினது அவர் கண்ணுக்குத் தெரிகிறது.

இனி அளப்பது. இணைப்பின் வேகத்தைச் சோதிக்கிறேன் என்று ஒரு கோப்பை அனுப்பிப் பார்ப்பது, இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிடும். எப்படியும் போகிற பதிவுகள் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தன என்று பார்த்து வைத்துக்கொண்டால் போதும். ஒரு அளவை அப்படியே நம்பவும் கூடாது. இதில் வழிகாட்டி வான் ஜேக்கப்சன் என்ற வலையமைப்பு ஆய்வாளர். 1986 அக்டோபரில் இணையம் நெரிசலில் படுத்தது. சில நூறு கெஜ தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. 1988இல் அவர் எழுதிய தீர்வு, இணையத்தில் தகவலைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டி.சி.பி.க்குள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. போய்வரும் நேரத்தை மதிப்பிட, பழைய மதிப்பீட்டில் எட்டில் ஏழு பங்கு, புதிதாக அளந்ததில் ஒரு பங்கு. ஒரு தடவை தாமதமானால் பதற்றப்படாது. தொடர்ந்து தாமதமானால் மெள்ள ஒத்துக்கொள்ளும்.

இந்த நிதானம் கம்பிவழி வலைக்குப் பொருந்தும். மலைச்சாலையில் திருப்பம் தாண்டின உடனே நிலைமை தலைகீழாகிறது. அப்போது நிதானம் என்பது வெறும் மந்தம். ஆனால் உடனுக்குடன் மாறுகிற மதிப்பீடோ சும்மா இருக்கும்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். 2001இல் மின்கியோங் கிம், பிரையன் நோபிள் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்: ஒரு சுறுசுறுப்பான மதிப்பீடு, ஒரு நிதானமான மதிப்பீடு, சமயத்துக்கு எது சரிப்படுமோ அதற்குத் தாவுவது. எங்கள் செயலியில் இருப்பது அதன் ஏழைத் தம்பி. சாதாரணமாக நிதானமானதை நம்பும். ஃபோன் டவர் மாறியது தெரிந்தாலோ, அடுத்தடுத்து வரும் அளவுகள் மதிப்பீட்டை விட்டு ஒரே பக்கமாக விலகினாலோ, பழையதை உதறிவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

டி.சி.பி.யின் இன்னொரு குணமும் இங்கே இடிக்கும். தகவல் பொட்டலம் ஒன்று தொலைந்தால் அது நெரிசல் என்றே எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பது அதன் வழக்கம். ரேடியோவில் மழையாலும் மலையாலும் தொலையும்; அங்கே குறைத்துக்கொண்டு நிற்பதில் பயன் இல்லை. பெர்க்லியில் ஹரி பாலகிருஷ்ணனும் கூட்டாளிகளும் 1995இல் இதற்கு டவர் முனையிலேயே பொட்டலத்தின் நகலை வைத்துத் திருப்பி அனுப்பும் வழியைக் காட்டினார்கள். இவரும் சென்னை ஐ.ஐ.டி.தான். இந்த மட்டத்தில் நாம் கைவைக்க முடியாது. செய்யக்கூடியது, பதிவுகளைச் சின்னச் சின்னதாக வைத்துக்கொள்வது. பெரிய மூட்டை பாதியில் அறுந்தால் எல்லாம் போச்சு.

பனச்சமூடு சந்தையில் நின்றால் இன்னொன்று புரியும். சாலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. ஃபோன் இரண்டு மாநில வட்டத்துக்கும் நடுவே ஊசலாடும். ஒவ்வொரு தாவலிலும் திறந்திருந்த இணைப்பு அறுந்துபோகலாம். ஒரே வலைக்குள் டவர்கள் மாறும்போதும் இந்த நோய் உண்டு, பொறியாளர்கள் அதைப் பிங்பாங் என்பார்கள். 4ஜி அதற்கு மருந்து வைத்திருக்கிறது: பக்கத்து டவர் இப்போதையதைவிடச் சற்றுப் பலமானால் மட்டும் போதாது, குறித்த அளவு கூடுதலாக இருக்க வேண்டும், குறித்த நேரத்துக்கு அப்படியே நீடிக்கவும் வேண்டும். அப்போதுதான் கைமாற்றம். வெட்டுக்காரர் ஒரு மேகத்தைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட மாட்டார், ஒரு கீற்று வெயிலைக் கண்டதும் திரும்ப எடுக்கவும் மாட்டார், அந்த நிதானம்தான். தரத்தைக் குறைக்க ஒரு வரம்பு, திரும்பக் கூட்ட அதைவிட உயரமான வேறொரு வரம்பு. இரண்டும் ஒன்றாக இருந்தால் எல்லையில் நிற்கும் ஃபோனில் படம் பெரிசாகிச் சின்னதாகிப் பெரிசாகி, கடைசியில் எதுவுமே போகாது.

திரும்ப முயல்வதில்தான் நுணுக்கம் அதிகம். ஆண்ட்ராய்டு 2015இல் ஆறாம் பதிப்போடு 'டோஸ்' என்ற தூக்கத்தைக் கொண்டுவந்தது. திரை அணைந்து ஃபோன் அசையாமல் கிடந்தால், பின்னணி வேலைகளுக்கு எப்போதாவதுதான் வலை திறக்கும். 'நானே அனுப்பிக்கொள்கிறேன்' என்று செயலி விழித்துக்கொண்டு இருக்க முடியாது. பின்னணி வேலைகளைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டின் வொர்க்மேனேஜரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும். அது தோற்றால் 30 நொடி கழித்துப் பார்க்கும், அப்புறம் ஒரு நிமிடம், இரண்டு, நாலு என்று இரட்டிக்கும். எட்டாவது தோல்விக்குப் பிறகு இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும்; ஐந்து மணி நேரம் வரைகூடப் போகும். நாலு கோடு காட்டி ஒன்றும் நகராத இடத்தில் செயலி மறுபடி மறுபடி தோற்கிறது என்று வையுங்கள். அண்ணன் மலையிறங்கிக் குலசேகரம் சந்திப்பில் நல்ல சிக்னலில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் பாக்கெட்டில் தூங்கிக்கொண்டிருக்கும், அடுத்த முயற்சி மதியத்துக்குத்தான். ஆகவே வலை மாறினாலோ, ஆள் செயலியைத் திறந்தாலோ பழைய கணக்கைத் தள்ளிவிட்டு உடனே ஒரு தடவை முயல வைத்தேன். கூடவே, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் அந்தச் சந்திப்புக்கு வரும் என்பதால், ஒவ்வொரு ஃபோனும் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்குமாறு ஒரு தற்செயல் இடைவெளி.

பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், 'வந்துவிட்டது' என்ற பதில் மட்டும் வழியில் தொலையும். ஃபோனுக்குத் தெரியாதே, அது திரும்ப அனுப்பும். ஒரே கேன் இரண்டு தடவை எடை ஏறும். கேன் தராசில் ஏறுகிற அந்தக் கணத்திலேயே ஃபோன் அதற்கு ஒரு தனி அடையாள எண் போட்டுவிட்டால் கவலை இல்லை. எத்தனை தடவை வந்தாலும் சர்வர் ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். நேரத்தையும் இரண்டாக வைத்திருக்கிறோம்: எடை போட்டது எப்போது, வந்து சேர்ந்தது எப்போது. மழைநாளில் இரண்டுக்கும் நடுவே அரைநாள் இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி யோசிக்க எங்கள் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் குமரி முனைக்குப் பக்கத்தில் கடந்து போனபோது ரப்பரும் வாழையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருக்கும் வீட்டு முற்றத்தில் ஃபோன்கள் வரிசையாகக் கிடந்தன. அந்த நாட்களில் ஃபோனில் அரிதான பொருள் அலைவரிசையைவிடச் சார்ஜ்தான். ஜேசன் ஃபிளினும் சத்யநாராயணனும் 1999இலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்: பேட்டரி இத்தனை மணி நேரம் வர வேண்டும் என்று ஆள் சொல்லிவிட்டால், செயலிகள் தங்கள் தரத்தை இறக்கி ஏற்றி அந்த நேரத்தை எட்டும். எங்கள் செயலியில் இதன் ஒரு துளிதான் இருக்கிறது. சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஜி.பி.எஸ். தொடுவதில்லை, படம் அனுப்புவதில்லை.

ஓகி என்றால் கடலைச் சொல்லாமல் நிறுத்த முடியாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் தங்கல் போவது, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போவது, கரை டவர் எட்டாத ஆழ்கடலுக்கு. புயல் எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது அவர்களில் பலருக்கு அது கேட்க வழியே இல்லை; போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 2019 அக்டோபரில் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் 'ஜெமினி' என்ற கருவியை வெளியிட்டது. ககன் என்ற இந்தியச் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக வரும் எச்சரிக்கையை அது வாங்கி, புளூடூத்தில் ஃபோனுக்குக் கொடுக்கும். பேச்சு ஒருவழிதான்; படகிலிருந்து எதுவும் திரும்பிப் போகாது. மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பெரிய திருப்பம். கேட்டால் பதில் வரும் என்ற பழக்கத்தை முழுசாக மறக்க வேண்டும். கிடைத்ததா என்று யாரும் சொல்லப் போவதில்லை. எனவே சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு செய்தியும் முன்னதன் துணையில்லாமல் தனியாகப் புரிய வேண்டும், எப்போது வரை செல்லும் என்பதும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். ஒருவழி என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. படகிலிருந்து உதவி கேட்க முடியாது என்பது உண்மையிலேயே குறைதான். ஆனால் எச்சரிக்கை போய்ச் சேரட்டும் என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் விட்ட வடிவமைப்பு அது. எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

மறுபடி மலைக்கு. செயலி உள்ளுக்குள் செய்கிற இத்தனை மாற்றத்தில் எவ்வளவை ஆளுக்குச் சொல்வது? 'இணைப்பு பலவீனம்', 'மீண்டும் முயல்கிறது' என்றெல்லாம் முன்பு பட்டை பட்டையாக வந்துகொண்டிருந்தது. எடை போடும் அண்ணன் ஒரு நாள் சொன்னார்: "தம்பி, நெட் இல்லேன்னு அது எனக்கு சொல்லாண்டாம். அது எனக்கே தெரியும். எடை ஏறிச்சா இல்லியா, அதச் சொன்னா போதும்." இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ஒரு குறிதான். ஃபோனில் பத்திரம் என்றால் ஒரு கோடு, டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு. நடுவில் நடக்கும் நாடகம் எதுவும் திரைக்கு வராது. படத்தின் தரம் குறைந்ததா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அபூர்வம் என்று சொன்னேனே, அதுதான் இன்னும் தீராமல் இருக்கிறது. டிப்போவில் கேனை இறக்கும்போது மறுபடி எடை போடுகிறார்கள். தோட்டத்தில் 38.4, டிப்போவில் 37.9. தளும்பிச் சிந்தியிருக்கலாம், தராசு சாய்ந்த தரையில் இருந்திருக்கலாம், ஈரக் கையில் எண் தப்பாகத் தட்டுப்பட்டிருக்கலாம். தோட்டத்துப் பதிவு மலையில் மாட்டிக்கொண்டு டிப்போ பதிவுக்கு அப்புறம் வந்து சேரும் நாட்களில் இரண்டும் மோதும். கடைசியாக வந்தது வெல்லும் என்ற வழக்கமான விதியைப் போட்டால், யாருடைய ஃபோனுக்கு எப்போது சிக்னல் கிடைத்ததோ அதைப் பொறுத்துத் தோட்டக்காரரின் பணம் மாறும். வியாபாரிக்கு இதில் ஒரு எளிய தீர்வு இருக்கிறது: எது குறைவோ அதை எடுத்துக்கொள். தோட்டக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு எளிய தீர்வு இருக்கும். நான் இரண்டில் எதையும் நிரலில் எழுதவில்லை. அரை கிலோவோ அதற்கு மேலோ வித்தியாசம் என்றால் இரண்டு எண்ணும் தராசுப் படத்தோடு பக்கம் பக்கமாக நிற்கும், கணக்கு முடியாது. டிப்போ கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுத் தீர்த்து வைப்பார், யார் தீர்த்தார்கள் என்பது பதிவில் ஏறும். வியாபாரிக்கு இன்னும் மனமில்லை, மாதத்துக்கு ஒரு தடவையாவது "சாரே, அத தன்னால முடிக்கிற மாதிரி ஆக்கக்கூடாதா?" என்கிறார். அடுத்த ஜூன் மழைக்கு முன்னால் இதைப் பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குத் தோட்டக்காரர்களில் இரண்டு பேரையும் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அவர் இன்னும் சரியென்று சொல்லவில்லை.